வயிற்றில் பிள்ளையோடு சேப்பாக்கம்: வேலூரிலிருந்து மேட்ச் பார்க்கக் கிளம்பும் கர்ப்பிணிகளின் கேள்விகள்

போன சித்திரையில் எனக்கு 25-ஆவது வாரம். சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் மேட்ச் பார்த்து, ராத்திரி அங்கேயே தங்கி, ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பினோம். அன்றிலிருந்து தெருவில், ஆபீசில், செக்கப்புக்குக் காத்திருக்கும் பெஞ்சில் எங்கே பார்த்தாலும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வேலூர் மட்டுமல்ல, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் இருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மாசமா இருக்கும்போது மேட்ச் பார்க்கப் போகலாமா அக்கா?

கர்ப்பத்தில் சிக்கல் எதுவும் இல்லை, டாக்டரும் சரி என்றால், தாராளமாகப் போகலாம். வாயும் வயிறுமாக இருப்பவள் மாங்காய் கேட்டால் ஊரே தேடிக் கொண்டுவரும். மேட்ச் பார்க்கணும் என்று சொன்னால் மட்டும் "இப்போ எதுக்கு இதெல்லாம்" என்கிறார்கள். அதுவும் ஆசைதானே! குழந்தை பிறந்த பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க முடியாது. அதனால் இப்போது போக விரும்புவதில் எந்தத் தப்பும் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரிதான் திட்டம் போட வேண்டும்.

எந்த மாசம் நல்லது?

14-ஆவது வாரத்திலிருந்து 28-ஆவது வாரம் வரை. மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் நடக்க முடியாத அளவுக்குப் பெரிதாகியிருக்காது. வீட்டில் பெரியவர்கள் மாசக் கணக்கு சொல்வார்கள். டாக்டர், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியிலிருந்து வாரக் கணக்கு பார்ப்பார். இரண்டும் சரியாகப் பொருந்தாது. டிக்கெட் போடும்போது வாரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் போகவே கூடாது?

ரத்தப்போக்கு வந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், பி.பி. ஏறியிருப்பவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள். இரட்டைக் குழந்தை என்றால் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். இந்த வருஷம் இல்லை என்றால் அடுத்த வருஷமும் மேட்ச் நடக்கும்.

கேட்கும்போது "வெளியூர் போகலாமா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இரண்டு மணி நேர ரயில், நான்கு மணி நேர உட்காரல், வெயில், கூட்டம், ராத்திரி 12 மணிக்குத்தான் படுக்கை என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் டாக்டர் என் ஹீமோகுளோபின் அளவை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார்.

"ஆறு தாண்டக் கூடாது" என்கிறார் மாமியார். என்ன சொல்வது?

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். வேலூர் டவுனிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்குப் போக பாலாற்றைத் தாண்டாமல் வழியே இல்லை. என் மாமியார் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

நான் அவரோடு வாதம் பண்ணவில்லை. அந்தக் காலத்தில் பாலம் கிடையாது, பரிசலிலோ இடுப்பளவு தண்ணீரிலோதான் கடக்க வேண்டும். வழியில் வலி எடுத்தால் அக்கரையில் மருத்துவச்சிக்கு எங்கே போவது? அப்படி ஒரு பயத்தில் வந்த பேச்சாகத்தான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்கலாம். "அத்தை, எந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்குன்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க" என்று தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்தார். பிறகு நாங்கள் கிளம்பும் அன்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து என் பையில் வைத்து, பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்த்துக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, முள்செடியும் மணலும்தான். இருந்தாலும் அன்று கும்பிட்டது மனசுக்கு நன்றாக இருந்தது.

ரயிலா, காரா?

ரயில்தான். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், வேகமான வண்டி என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. எழுந்து நடக்கலாம், கழிவறை பக்கத்திலேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். கால்களைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலு அடி நடந்துவிட்டு உட்காருங்கள். முன்பதிவு செய்யும்போது நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். ஓடும் வண்டியில் நடக்கும்போது ஒரு கை எப்போதும் இருக்கையின் முதுகைப் பிடித்திருக்கட்டும்.

ராத்திரி வண்டியில் படுத்து வருவதாக இருந்தால், கர்ப்பிணிகளுக்கு ரயில்வேயில் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டாக்டர் சான்றிதழோடு முன்பதிவுக் கவுண்டரில் கேளுங்கள்.

காரில்தான் போவேன் என்றால், வாலாஜாப்பேட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ரோட்டில் வேலை நடந்த இடங்களில் மாற்றுப்பாதையும் குலுக்கலும் எப்படி இருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கண்டிப்பாகப் போடுங்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேலே குறுக்காக எந்தப் பட்டையும் வரக் கூடாது.

சின்ன விஷயம் ஒன்று, எனக்குப் பிடித்தது. வண்டி காட்பாடியை விட்டதும் வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரும். சாயங்காலம் ஸ்டேடியத்துக்குப் போனால் அங்கே தெருப் பெயர் வாலாஜா சாலை. இரண்டும் ஒரே ஆள் பெயர்தான்: ஆற்காடு நவாப் முகமது அலி கான் வாலாஜா. அவர் 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் நிலத்தில்தான் பிறகு மைதானம் வந்தது. ஆற்காட்டுக்காரி அங்கே போய் உட்காருவதற்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பகல் மேட்ச் நல்லதா, ராத்திரி மேட்ச் நல்லதா?

ஐ.பி.எல்.லில் பகல் ஆட்டம் 3.30-க்கு, ராத்திரி ஆட்டம் 7.30-க்கு. ராத்திரி முடிய 11.30 ஆகிவிடும் என்பதால் பலர் பகல் ஆட்டத்தைத் தேடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேர்ந்தால் கர்ப்பிணிக்குத் தலைசுற்ற அதிக நேரம் ஆகாது. வேலூர் வெயிலையே பார்த்தவள் நான் என்று நினைக்காதீர்கள். நம்மூர் வெயில் காய்ந்த வெயில், வேர்வை ஆறும். அங்கே வேர்வை ஆறவே ஆறாது. ராத்திரி ஆட்டம் பாருங்கள், மத்தியானம் இரண்டு மணி நேரம் இடதுபக்கமாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள்.

உடை விஷயம்: அந்த மஞ்சள் ஜெர்சி பாலியஸ்டர், உடம்பில் ஒட்டும். நான் மஞ்சள் நிறத்தில் தொளதொள என்று ஒரு பருத்தி சுடிதார் தைத்துக்கொண்டேன். செருப்பு அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், சாயங்காலம் கால் வீங்கும்.

எந்த இடத்தில் சீட் எடுப்பது?

இதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மேல் மாடம் வேண்டாம், படி அதிகம், செங்குத்து. கீழ் மாடத்தில், பின்வரிசையில், மேல்கூரை நிழல் விழும் இடம், நுழைவாசலுக்குப் பக்கம், வரிசையின் ஓரம். கழிவறைக்கு எழுந்து போகும்போது பத்துப் பேர் முழங்காலைத் தாண்டக் கூடாது. கேட்ட சீட் கிடைக்கவில்லை என்றால், உள்ளே போனதும் ஓர சீட்டில் இருப்பவரிடம் "தம்பி, மாசமா இருக்கேன், கொஞ்சம் மாத்திக்கலாமா" என்று நேராகக் கேளுங்கள். எனக்கு முதல் பையனே எழுந்து இடம் கொடுத்தான், ஆட்டம் முழுக்க முன்னால் எழுந்து நின்றவர்களை உட்காரவும் சொன்னான்.

முன்வரிசை பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம், உருண்ட கல் மாதிரி. சிக்ஸர் வந்து விழும் இடத்தில் வயிற்றோடு உட்கார வேண்டாம்.

சத்தம் குழந்தையைப் பாதிக்குமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். குழந்தையின் காது ஏறக்குறைய 20-ஆவது வாரத்தில் உருவாகியிருக்கும், 24-ஆவது வாரத்துக்குப் பக்கத்தில் வெளிச் சத்தத்துக்கு அசைய ஆரம்பிக்கும். வயிற்றுத் தசையும் பனிக்குட நீரும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் உள்ளே விடும், ஆனால் முழுசாக நிறுத்தாது. மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது, சத்தம் மிகுந்த தொழிற்சாலையில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்களைப் பற்றித்தான். ஒருநாள் ராத்திரி மேட்ச் அதற்குச் சமம் இல்லை.

அதற்காகக் கவனமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் காதடைப்பான் வைத்துக்கொண்டால் உங்கள் காதுக்குத்தான் பாதுகாப்பு, குழந்தைக்கு இல்லை. ஆகவே ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். காதோரமாக விசில் ஊதுபவரை அந்தப் பக்கம் திரும்பி ஊதச் சொல்லுங்கள், கேட்பார்கள். தாங்கவில்லை என்றால் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் நடைபாதைக்கு வந்துவிடுங்கள், அங்கே சத்தம் பாதியாக இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 19-ஆவது ஓவரில் ஒரு சிக்ஸர் போனது. மைதானமே எழுந்து கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை, வலது கையை வயிற்றின் மேல் வைத்திருந்தேன். தொப்புளுக்கு மேலே, உள்ளங்கைக்கு நேர் கீழே, ஒரு உதை. அதுவரை வந்தது எல்லாம் மீன் நீந்துகிற மாதிரி இருக்கும். இது சுடிதார் துணியே அசைந்த உதை. வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தேன். அடுத்த பந்து என்ன ஆனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்துச் சோதிப்பார்களே?

பயம் வேண்டாம். அது எக்ஸ்ரே இல்லை, மெல்லிய காந்தப்புலம்தான். பெண் போலீசிடம் கர்ப்பம் என்று சொன்னால் வயிற்றை அழுத்தாமல் பார்ப்பார்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிவறை?

வெளியிலிருந்து சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். போவதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுங்கள்: இட்லி, தயிர்சாதம், இரண்டு டம்ளர் மோர். மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு சின்ன உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சுகர் டெஸ்டில் அளவு கூடுதலாக வந்தவர்கள், வாசலில் இருப்பவர்களிடம் சீட்டைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. உள்ளே போனதும் முதல் வேலை தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று பார்த்து வைப்பது. கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு. சிறுநீர்த் தொற்று வரும், அதுவே வலியைக் கிளப்பிவிடும்.

கழிவறைக்குப் போக ஒரு கணக்கு இருக்கிறது. இன்னிங்ஸ் இடைவேளையில் போனால் பெண்கள் வரிசை நீளம். 17, 18-ஆவது ஓவரிலேயே போய்விடுங்கள். நடுவில் வரும் ஸ்ட்ராடஜிக் டைம்-அவுட் இரண்டரை நிமிஷம்தான், அதை நம்பி எழுந்திருக்காதீர்கள்.

மெரினாவில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்றைப் பார்த்தால் நாக்கு ஊறும். முழு மாங்காயாக வாங்கி, அறைக்குப் போய்க் கழுவி நறுக்கிச் சாப்பிடுங்கள்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால்?

இதை நான் மிகவும் கவலையோடுதான் எழுதுகிறேன். 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரில் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்தில் நசுங்கி 11 பேர் இறந்துபோனார்கள். ஆபத்து உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை, வாசலில்தான். ஆகவே கேட் திறந்த கையோடு உள்ளே போய்விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். சீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், கூட்டம் வடியும். சிலர் கடைசி மூன்று ஓவருக்கு முன்னாலேயே கிளம்பச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, கடைசி ஓவரைப் பார்க்கத்தானே இத்தனை தூரம் வந்தது! இலவசக் கொண்டாட்டம், வீரர்கள் பஸ் வரும் பாதை, இந்தப் பக்கமே போக வேண்டாம்.

போக வர: சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்க வேண்டும், மேட்ச் நாளில் ஆட்டோ பக்கத்தில் வராது. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் ஸ்டேஷன் இன்னும் கிட்டே, ஆனால் உயரத்தில் இருக்கிறது, படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஐந்து மாதம் வரை பறக்கும் ரயில், அதற்கு மேல் மெட்ரோ என்று நான் சொல்வேன்.

எங்கே தங்குவது?

ராத்திரியே வேலூர் திரும்ப நினைக்காதீர்கள். திருவல்லிக்கேணி, எழும்பூர் பக்கம் அறை எடுங்கள். திருவல்லிக்கேணியின் பழைய மேன்ஷன்கள் வேலை தேடி வந்த பையன்கள் தங்கியவை, படிகள் குறுகல். எங்களுக்கு ஒரு விடுதியில் லிஃப்ட் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள், போனால் அது ஒரு வாரமாக ஓடவில்லை, அறை மூன்றாவது மாடியில். பையைக் கீழேயே வைத்துவிட்டு, தரைத்தளத்தில் அறை கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றேன். கொடுத்தார்கள். கிளம்பும் அன்று காலையில் போன் போட்டு "இன்னைக்கு லிஃப்ட் ஓடுதா" என்று கேளுங்கள்.

உடம்புக்கு ஏதாவது ஆனால்?

ரத்தம் படுதல், தண்ணீர் உடைதல், விட்டு விட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம், கண் மங்கலோடு கடும் தலைவலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், குழந்தை அசைவு குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஓவருக்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்டேடியத்தில் இருக்கும் முதலுதவி ஆட்களிடம் சொல்லுங்கள் அல்லது 108-ஐ அழையுங்கள்.

மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. ஊர்க்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். வெளியே வராத பெண்களுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று டாக்டர் மேரி ஷார்லீப் 1885-இல் தொடங்கியது. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையும் தூரம் இல்லை. தாய் சேய் அட்டை, கடைசி ஸ்கேன், ரத்த வகை, பிக்மி நம்பர் (அரசில் கர்ப்பத்தைப் பதிந்த எண்), உங்கள் டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரர் போனிலும் போட்டு வையுங்கள். மேட்ச் நேரத்தில் நெட் கிடைப்பது கஷ்டம், அதனால் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள், ஆறாவது மாசம். வார இறுதியில் வேறு ஊருக்குப் போய் பேஸ்பால் பார்க்கப் போகிறாளாம். இதே கணக்குதானா?

பெரும்பாலும் இதேதான். அங்கே பெரிய லீக்கான மேஜர் லீக்கில் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். 2023-இல் பந்து வீசுபவருக்கு நேரக் கணக்கு கொண்டுவந்த பிறகு, சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, நம்ம டி20-ஐ விடச் சீக்கிரம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து கைகால் நீட்டுவது அங்கே வழக்கம். கர்ப்பிணிக்கு அதைவிட நல்ல பழக்கம் ஏது! ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் அவள் எழுந்து நடக்க வேண்டும்.

பந்து விஷயத்தில்தான் வித்தியாசம். மட்டையில் பட்டுப் பக்கவாட்டில் சீறி வரும் ஃபவுல் பந்து, கண் இமைக்கும் நேரத்தில் இருக்கைக்கு வந்துவிடும். அதனால் அந்தப் பெரிய லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் வலையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். வலைக்குப் பின்னால், நிழலில், ஓர சீட் எடுக்கச் சொல்லுங்கள். பந்தைப் பிடிக்க ஆசைப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பாய்ந்து விழுவார்கள்.

ஐ.பி.எல். டிக்கெட் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்தக் கூட்டம் பயமாக இருக்கிறது.

அப்படியானால் மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டமோ பெண்கள் டெஸ்டோ பாருங்கள். 2024 ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை 1-ஆம் தேதி முடிந்த டெஸ்டில் இதே சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை ஜெயித்தார்கள், ஷஃபாலி வர்மா 205 அடித்தார். அந்த மாதிரி ஆட்டத்துக்குக் காலையில் ரயிலேறிப் போய், நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, அலுத்தால் எழுந்து வந்து, சாயங்கால வண்டியில் காட்பாடி திரும்பிவிடலாம். தங்கவே வேண்டாம். இரண்டாவது பிள்ளை என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

திரும்பி வந்த பிறகு?

திங்கட்கிழமை லீவு போடுங்கள். நான் போடாமல் ஆபீஸ் போய், மத்தியானம் மேசையில் தலை வைத்துத் தூங்கினேன். இரண்டு நாளைக்குக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள். அப்புறம், மாமியாருக்கு என்ன வாங்கிப் போவது என்று கேட்கிறீர்கள். நான் பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் ஜெயிச்சாங்க?"